பழைய கணிப்பொறியும் பங்கிட்டுப் பயன்கொள்ளும் வகையும்

நம் இல்லங்கள் பலவற்றில் பழைய கணிப்பொறி ஒன்று துணி போர்த்தப்பட்டு மூலையில் கிடக்கின்றது. தமிழக அரசு 2011ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தின்படி பிள்ளைகளுக்குக் கிடைத்த மடிக்கணினியாக அது இருக்கலாம். அரபு நாட்டிலிருந்து அத்தா வாங்கி வந்ததாகவும் இருக்கலாம். வேகம் குறைந்துவிட்டது என்று கூறி, அதனைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுவோர் பலர். ஆனால், ஒருவரின் எல்லாத் தேவைகளையும் நிறைவேற்ற இயலாத பொறிகூட, ஓரிரு பணிகளைப் பலருக்கும் பொதுவாகச் செய்து தரப் போதுமானதாக இருக்கும்.

கண்மாயும் கணிப்பொறியும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. இங்கே வயலுக்கு ஒரு குளம் கிடையாது. ஊருக்கு ஒரு கண்மாய். அதற்குச் சில மடைகள். முறை வைத்து நீர் விடுவதற்கு ஒரு நீர்ப்பாய்ச்சி. இருக்கின்ற நீரை முறையாகப் பங்கிட்டதால்தான் பல வயல்கள் விளைந்தன.

கணிப்பொறியின் வரலாறும் இவ்வாறே தொடங்கியது. பொறியின் விலை மிக அதிகமாயிருந்த காலத்தில், 1961ஆம் ஆண்டு, அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் பெர்னாண்டோ கார்பட்டோ என்பவரின் குழுவினர் ஒரே கணிப்பொறியைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்தும் முறையைச் செய்து காட்டினர். பொறி ஒவ்வொருவருக்கும் நொடியின் சிறு பகுதியை ஒதுக்கி, அடுத்தவரிடம் செல்லும். எனினும் ஒவ்வொருவரும் பொறி தமக்கே உரியது என்றே எண்ணுவர். பின்னர் 1998ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகர ஆய்வுக்கூடம் ஒன்று, ஒரு கணிப்பொறியின் திரையை வேறோர் இடத்திலிருந்து பார்த்து இயக்கும் வி.என்.சி. என்னும் மென்பொருளை வெளியிட்டது.

எவற்றைப் பகிரலாம்?

முதலாவது, சேமிப்பிடம். நிலப் பத்திரம், பட்டா, மதிப்பெண் சான்று, குடும்பப் படங்கள் ஆகியவற்றின் நகல்களைப் பழைய பொறியில் வைத்து, வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளிலிருந்தும் பார்க்கலாம். ஆயினும் ஒரே வட்டை நம்பியிருத்தல் கூடாது; மற்றொரு நகல் வேறோர் இடத்தில் இருந்தே ஆக வேண்டும்.

இரண்டாவது, அச்சுப்பொறி. அதனைப் பழைய பொறியுடன் இணைத்துவிட்டால், வீட்டிலுள்ள மற்றப் பொறிகள் அனைத்தும் அதன் வழியே அச்சிடலாம். மூன்றாவது, பொறியையே பகிர்தல். வெளியூரில் படிக்கும் மகள், தன் பொறியிலிருந்தே வீட்டுப் பொறியைத் திறந்து கோப்பை எடுத்துக்கொள்ளலாம்.

விண்டோஸ் 10 மென்பொருளுக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிந்தது. எனவே பழைய பொறிகளில் இலவசமாகக் கிடைக்கும் இலகுவான லினக்ஸ் வகையொன்றை நிறுவுதல் நலம்.

மின்கட்டணம் பற்றிய கவலையும் எழும். 60 வாட் இழுக்கும் மேசைக் கணிப்பொறி இரவும் பகலும் இயங்கினால் 60 நாட்களில் சுமார் 86 யூனிட் செலவாகும். தமிழகத்தில் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பெரும்பகுதியை அதுவே விழுங்கிவிடும். 15 வாட் இழுக்கும் மடிக்கணினிக்கோ சுமார் 22 யூனிட் போதும். ஆதலால் மடிக்கணினியே இதற்கு ஏற்றது. மின்கலம் உப்பியிருந்தால் மட்டும் அதனைத் தக்கவரைக் கொண்டு அகற்றிவிட வேண்டும். தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

திறந்து கிடக்கும் மடை

மடையைத் திறந்து போட்டுவிட்டு உறங்குபவரின் கண்மாயில் நீர் தங்காது. 2017ஆம் ஆண்டு மே மாதம் வான்னகிரை என்னும் தீநிரல் உலகெங்கும் இலட்சக்கணக்கான கணிப்பொறிகளைப் பூட்டி மீட்புப்பணம் கேட்டது. விண்டோஸின் கோப்புப் பகிர்வு வழியில் இருந்த ஓட்டையே அதன் நுழைவாயில். அதனை அடைக்கும் திருத்தம் இரு மாதங்களுக்கு முன்பே வெளிவந்திருந்தும், பலர் நிறுவாதிருந்தனர்.

எனவே வீட்டுப் பொறியை இணையத்தின் முன் நேரடியாகத் திறந்து வைக்கலாகாது. வெளியூரிலிருந்து அணுக வேண்டுமெனில், மறையாக்கம் செய்யப்பட்ட தனிவலை வழியே அணுக வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும் நீண்ட கடவுச்சொல்லும் இருத்தல் அவசியம். கடவுச்சொல் ஓர் அமானிதம். அதனை அண்டை அயலாரிடம் பகிர்வது தாராள குணமன்று.

இதனினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. "வங்கியிலிருந்து பேசுகிறோம்" என்று கூறி, தொலைவிலிருந்து இயக்கும் செயலியைக் கைப்பேசியில் நிறுவச் சொல்வோர் உளர். அவர்கள் கேட்கும் எண்ணைச் சொல்லிவிட்டால், நம் திரை அவர்கள் கைக்குச் சென்றுவிடும். எனிடெஸ்க் செயலியைத் தவறாகப் பயன்படுத்தி இவ்வாறு பணம் பறிப்பது குறித்து 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி வங்கிகளை எச்சரித்தது. எந்த வங்கியும் இவ்வாறு கேட்பதில்லை என்பதை வீட்டுப் பெரியவர்களுக்கும் பெண்களுக்கும் எடுத்துரைப்போம். பணம் பறிபோனால் தாமதியாது 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும்.

மேலூர் தரும் பாடம்

நமக்கு அண்மையிலுள்ள மதுரை மாவட்டத்து மேலூர் வட்டாரத்தில், 2001ஆம் ஆண்டு தொடங்கி, ஊருக்கொரு கணிப்பொறி என்னும் முயற்சி நடைபெற்றது. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான கம்பியில்லா இணைப்பின் வழியே சிற்றூர் மையங்களுக்கு இணையம் வந்தது. நோயாளியின் கண்ணைப் படமெடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி, மருத்துவரின் ஆலோசனையைப் பெற்றனர். பேருந்துச் செலவும் ஒரு நாள் கூலி இழப்பும் மிச்சமாயின.

எனினும் அம்மையங்கள் பல சில ஆண்டுகளில் மூடப்பட்டன. வருவாய் போதவில்லை; நடத்தியோருக்குத் தொடர்ந்த பயிற்சியும் உதவியும் கிட்டவில்லை. பொறி இருந்தால் மட்டும் போதாது, அதனைப் பேணுவதற்குப் பொறுப்பான ஒருவர் வேண்டும் என்பதே இதில் நாம் கற்கும் பாடம்.

நம் வீட்டிலும், மதரஸாவிலும், தெரு நூலகத்திலும் அப்பொறுப்பை ஏற்க ஒருவரை முதலில் தேர்ந்தெடுப்போம். கல்லூரியில் படிக்கும் பிள்ளையே அதற்குத் தகுதியானவர். வாரம் ஒருமுறை திருத்தங்களை நிறுவுவதும், மாதம் ஒருமுறை நகலெடுப்பதும் அவர் கடமையாகட்டும். அவ்வாறு ஒருவர் கிடைத்த பின்னர் மூலையிலுள்ள பொறியின் துணியை அகற்றுவோம். புதியது வாங்க வசதியில்லாத பக்கத்து வீட்டு மாணவிக்கும் அதில் ஒரு தனிக் கணக்கு இருக்கட்டும்.