தப்பின் ஒலியும் இலக்கமுறை இசைக்கருவிகளும்

இசையொலியைச் சுருதி, உரப்பு, பண்பு என்னும் மூன்று இயல்புகளால் விளக்குவது பௌதிகவியல் மரபாகும். வீணையும் குழலும் ஒரே சுருதியில் ஒலிப்பினும் அவற்றை நாம் வேறுபடுத்தி அறிவது பண்பினாலேயாம். இலக்கமுறைச் சிந்தசைசரும் சாம்பிளரும் இப்பண்பினை எவ்வளவுக்குத் தரவல்லன என்பதை, ஹுன்னஸ்கிரிய போன்ற மலையகத் தோட்டப் பகுதிகளின் இசைக்கருவியாகிய தப்பினைக் கொண்டு இங்கு நோக்குவோம்.

சிந்தசைசர் ஒலியைக் கணித்து உருவாக்குவது. ஓர் அலையினால் மற்றோர் அலையின் மீடிறனை மாற்றிப் புதிய ஒலிகளைப் பெறும் முறையை 1967இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோன் சௌனிங் கண்டறிந்தார். 1983இல் வெளிவந்த யமஹா டீ.எக்ஸ். 7 அதனைப் பரவலாக்கிற்று. மணியோசையும் உலோக ஒலியும் அதற்கு எளிதில் வாய்த்தன. தோற்கருவியின் ஒலி அவ்வாறு வாய்க்கவில்லை.

சாம்பிளரோ உண்மையான ஒலியைப் பதிந்து, வினாடிக்குப் பல்லாயிரம் தடவை அளந்து, எண்களாகச் சேமிக்கின்றது. 8 பிட் முறையில் ஒவ்வோர் அளவும் 256 படிகளுள் ஒன்றாகவே குறிக்கப்படும். 16 பிட் முறையில் 65,536 படிகள் உண்டு. படிகள் குறைவாயின் அடி ஓய்ந்து தேயும் மெல்லொலியிற் கரகரப்புச் சேரும். 1980களின் சாம்பிளர்களிடம் காணப்பட்ட கரடுமுரடான தன்மைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இன்று அக்குறை நீங்கியுள்ளது. எனினும் தப்பினைப் பொறுத்தவரை சிக்கல் தீர்ந்துவிடவில்லை. மலைச்சாரலின் ஈரக்காற்றில் தப்பின் தோல் தளரும்; கலைஞர் அதனைத் தீயிற் காய்ச்சி விறைப்பேற்றுவர். காமன் கூத்து நிகழும் இரவில், காய்ச்சிய உடன் எழும் ஒலியும் சிறிது நேரங் கழித்து எழும் ஒலியும் ஒன்றல்ல. தடித்த குச்சியின் அடியும் மெல்லிய குச்சியின் அடியும் வேறுவேறானவை. ஒரேயோர் அடியைப் பதிந்து மீண்டும் மீண்டும் ஒலிப்பித்தால் இவ்வேறுபாடுகள் யாவும் மறைந்துவிடும். மேலும், பதிந்த ஒலியை விரைவாக ஓட்டிச் சுருதியை உயர்த்தும்போது அடியின் காலம் குறுகி, மரச்சட்டத்தின் அதிர்வும் உடன் உயர்கின்றது. தீயோ தோலை மட்டுமே இறுக்குகின்றது.

எத்தனை அடிகளைப் பதிவது, எவரைக்கொண்டு பதிவது, எதனை நல்ல ஒலி எனக் கொள்வது என்பன வெறும் பொறியியல் வினாக்கள் அல்ல. தோட்டத் தொழிலாளரை விடியலிற் பிரட்டுக்கு அழைத்த கருவி தப்பு. சாதியமைப்பு அதன்மீதும் அதனை இசைத்தோர்மீதும் இழிவைச் சுமத்தியது. அவ்வொலி விசைப்பலகையில் ஒரு விசையாக அமைந்துவிட்டால், இசைத்தவர் மறக்கப்பட, இழிவு மட்டும் எஞ்சக்கூடும்.

ஆகவே, காய்ந்த தோலிலும் தளர்ந்த தோலிலும், மென்மையாகவும் வன்மையாகவும் எழும் பல அடிகளைத் தப்புக் கலைஞரே தெரிந்து பதிவிக்க வேண்டும். அவர்தம் பெயரும் ஊதியமும் அப்பதிவுடன் உறுதிசெய்யப்படல் வேண்டும். ஒலியின் பண்பைப் பேணுதல் என்பது அதனை ஆக்கியோரின் உரிமையைப் பேணுதலையும் உள்ளடக்கியதென்பதே எமது கருத்தாகும்.