பின் டயர் உள்பக்கம் மட்டும் தேயுதா? புது டயர் வாங்கும் முன் இதைப் பாருங்க!

சென்னை:

"அண்ணே, போன வருஷம்தான் பின்னாடி ரெண்டும் புது டயர் போட்டேன். அதுக்குள்ள கம்பி தெரியுதே!"

பழைய கார் வைத்திருப்பவர்கள் பஞ்சர் கடையில் புலம்பும் புலம்பல் இது. உடனே டயர் கம்பெனியைத் திட்டுவார்கள், ரோட்டைத் திட்டுவார்கள். கடன் வாங்கி இன்னொரு ஜோடி டயரும் போடுவார்கள். அதுவும் அதே மாதிரி தேயும். ஏன்னா, கோளாறு டயரில் இல்லை. அதைத் தாங்கி நிற்கும் சஸ்பென்ஷனில் இருக்கு.

இதில் பெரிய ஆபத்து என்னன்னா, வெளியே நின்று பார்த்தால் டயர் பட்டன் பளிச்சுனு இருக்கும். உள்பக்கம் மட்டும் மொட்டையாகி இருக்கும். குடும்பத்தோட பைபாஸில் வேகமாகப் போகும்போது பின் டயர் வெடித்தால் வண்டி பின்பக்கம் அலைந்து, சுற்றிக்கொள்ளக்கூட வாய்ப்பு உண்டு.

தேய்ந்த இடமே நோயைச் சொல்லும்!

டயர் எந்த இடத்தில் தேய்ந்திருக்கு என்று பார்த்தாலே பாதி கோளாறு தெரிந்துவிடும்.

* நடுவில் மட்டும் தேய்ந்தால்: காற்று அதிகம்.

* இரண்டு ஓரமும் தேய்ந்தால்: காற்று கம்மி, அல்லது அளவுக்கு மீறிய லோடு.

* உள் ஓரம் மட்டும் தேய்ந்தால்: சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கலாம். இதை மெக்கானிக்குகள் 'கேம்பர்' கோளாறு என்பார்கள். ஸ்பிரிங் தணிந்து போனதும், புஷ் தேய்ந்ததும் முக்கியக் காரணங்கள்.

* கையால் தடவும்போது ஒரு திசையில் வழுவழுப்பு, எதிர்த்திசையில் ரம்பம் மாதிரி உறுத்தினால்: சக்கரம் நேராக ஓடாமல் கோணலாக இழுபடுகிறது. இது 'டோ' கோளாறு. சக்கரம் 1 டிகிரி விலகி நின்றாலே, 1 கிலோமீட்டருக்குச் சுமார் 17 மீட்டர் அளவுக்குப் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டே ஓடும். டயர் எப்படித் தாங்கும்?

* குழி குழியாக, திட்டுத் திட்டாகத் தேய்ந்தால்: ஷாக் அப்சர்வர் செத்துப்போயிருக்கலாம். வீல் பேலன்ஸ், பேரிங் கோளாறாகவும் இருக்கலாம்.

வண்டிக்கு வண்டி மாறும்

எல்லா வண்டிக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. 1998-ல் வந்து 2018 வரை தயாரான டாடா இண்டிகாவை எடுத்துக்குங்க. கால் டாக்சியாக ஓடி ஓடி நம்ம ஊருக்குப் பழகிய வண்டி. அதில் பின் சக்கரங்கள் தனித்தனி ஆர்மில், காயில் ஸ்பிரிங்கோடு நிற்கும். லோடு ஏறி வண்டி தணிந்தால் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும். ஸ்பிரிங் வயசாகி தணிந்துவிட்டால், லோடு இல்லாதபோதும் அப்படியே நிற்கும். உள் ஓரம் தேய்வது அதனால்தான்.

அம்பாசிடர், ஆம்னி வேறு ரகம். பின்னால் பட்டை ஸ்பிரிங், ஒரே ஆக்சில். லோடு ஏறினாலும் சக்கரம் சாயாது. அதில் ஒரு பக்கமாகத் தேய்ந்தால் ஆக்சில் வளைந்திருக்கணும், அல்லது இடம் நகர்ந்திருக்கணும். பட்டையைப் பிடித்திருக்கும் சென்டர் போல்ட் உடைந்தாலோ, யு போல்ட் லூஸ் ஆனாலோ ஆக்சில் நகரும். நேர் ரோட்டில் போகும்போது பின்பக்கம் ஒதுங்கி, நண்டு மாதிரி ஓடுதா என்று பின்னால் பைக்கில் வரும் நண்பரைப் பார்க்கச் சொல்லுங்க.

வீட்டு வாசலிலேயே 4 சோதனை

1. செல்போன் டார்ச்சைப் போட்டு, பின் டயரின் உள்பக்கத்தைப் போட்டோ எடுங்க. முதலிலேயே கையை விடாதீங்க, கம்பி வெளியே வந்திருந்தால் கிழித்துவிடும்.

2. சமதளத்தில் காலி வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு வளைவு வரை டேப்பில் அளங்க. இடது, வலது அளவு நன்றாக வித்தியாசப்பட்டால் ஒரு ஸ்பிரிங் தணிந்திருக்கு.

3. பின் மூலையை அழுத்தி விடுங்க. ஒரு தடவை எழும்பி நின்றால் ஓகே. ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக் அப்சர்வர் போச்சு. அதில் ஆயில் வழிந்திருந்தாலும் அதே கதைதான்.

4. முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்க. கடகடன்னு ஆடினால் பேரிங் அல்லது புஷ். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது!

அலைன்மெண்ட் பார்த்தேனே..?

பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். முன் சக்கரத்துக்கு மட்டும் அலைன்மெண்ட் பார்த்தால் பின் டயருக்குப் பிரயோஜனம் இல்லை. நாலு சக்கரத்துக்கும் பார்க்கச் சொல்லி, கம்ப்யூட்டர் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கணும். பல பழைய வண்டிகளில் பின் சக்கரக் கோணத்தைத் திருப்பி வைக்க வசதியே இருக்காது. தேய்ந்த புஷ், தணிந்த ஸ்பிரிங், வளைந்த ஆர்ம் இவற்றை மாற்றினால்தான் கோணம் சரியாகும்.

அதனால் வரிசை இதுதான்: முதலில் காற்று. அடுத்து புஷ், பேரிங். பிறகு ஸ்பிரிங், ஷாக் அப்சர்வர்; இவற்றை ஜோடியாகத்தான் மாற்றணும். பிறகு அலைன்மெண்ட். கடைசியாகத்தான் புது டயர். இரண்டு டயர் மட்டும் வாங்கினால் அதைப் பின்னால் போடுவதே பாதுகாப்பு.

சட்டம் என்ன சொல்லுது?

காருக்கு டயர் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. டயரின் பள்ளத்துக்குள் சின்ன மேடு இருக்கும். பட்டன் அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. உள் ஓரத்தில் மட்டும் சமமானாலும் அப்படித்தான்.

ஓடும்போது பின் டயர் வெடித்துவிட்டால் பதறி பிரேக்கை மிதிக்காதீங்க. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, ஆக்சிலேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுத்து, வேகம் குறைந்த பிறகு ஓரம் கட்டுங்க.

ஒரு ஜோடி புஷ் மாற்றும் செலவு, ஒரு ஜோடி புது டயர் விலைக்கு முன்னால் சில்லறைக் காசுதான். இன்னிக்கு சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும், ஒரு நிமிஷம் குனிந்து உள்பக்கத்தைப் பாருங்க!