ஊசியிலிருந்து ஜெல்லுக்கு: டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சை முறையை மாற்றும்போது

திருநம்பியர் பலர் டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சையை ஊசியிலேயே தொடங்குகின்றனர். ஓராண்டோ ஈராண்டோ கழிந்தபின் அவர்களுள் சிலர், வேறு முறைக்கு மாறலாமா என்று எங்களிடம் கேட்கின்றனர். பெரும்பாலும் தயங்கித் தயங்கித்தான் கேட்கின்றனர். உடன் வந்திருக்கும் தாயோ தமக்கையோ அக்கேள்வியைக் கேட்டவுடன் சட்டென நிமிர்ந்து பார்ப்பதையும் நாங்கள் கண்டிருக்கிறோம். ஊசி வேண்டாம் என்பதை, இந்த மாற்றமே வேண்டாம் என்பதாக எடுத்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. வீட்டில் அரைமனத்தோடு ஒப்புக்கொண்டவர்கள் இருந்தால், அந்த ஐயம் அன்று மாலையே பேச்சாக வெடிக்கும். அந்தப் பேச்சுக்கு அஞ்சியே, ஒத்துக்கொள்ளாத முறையைப் பல மாதங்கள் பொறுத்துக்கொண்டிருப்பவர்களும் இருக்கின்றனர்.

எனவே முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறோம். ஊசியிலும் ஜெல்லிலும் இருப்பது ஒரே ஹார்மோன்தான். அது உடலுக்குள் செல்லும் வழியும், எத்தனை நாளுக்கு ஒருமுறை செல்கிறது என்பதுமே வேறுபடுகின்றன. முறையை மாற்றுவதால் தடித்த குரல் மெலியாது; முளைத்த தாடி உதிராது. நீரிழிவு உள்ளவர் மாத்திரையிலிருந்து இன்சுலினுக்கு மாறும்போது அவர் மனம் மாறிவிட்டதாக எவரும் எண்ணுவதில்லை. இங்கும் அப்படியே கொள்ள வேண்டும்.

டெஸ்டோஸ்டிரோன் முதன்முதலில் 1935ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் பிரித்தெடுக்கப்பட்டது. அதே ஆண்டில் ஆய்வகத்திலும் உருவாக்கப்பட்டது. பாலின மாற்றத்துக்காக அதை உட்கொண்டதாகப் பதிவில் உள்ள முதல் சிலருள் ஒருவர் பிரிட்டனைச் சேர்ந்த மைக்கேல் டில்லன். 1939ஆம் ஆண்டு வாக்கில் அவர் எடுத்துக்கொண்டது மாத்திரை. (பின்னாளில் மருத்துவராகி, பௌத்தத் துறவியாகி, 1962இல் நம் நாட்டின் டல்ஹௌசி நகரில் அவர் மறைந்தார்.) அன்று முதல் இன்றுவரை மருத்துவர்களுக்கு இருந்துவரும் சிக்கல் ஒன்றே. விழுங்கிய டெஸ்டோஸ்டிரோனின் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடுகிறது. ஊசியாக நேரடியாகச் செலுத்தினாலோ அது விரைவில் தீர்ந்துவிடுகிறது. ஆகவே அதை ஒரு கொழுப்பமிலத்துடன் இணைத்து, எண்ணெயில் கரைத்துத் தசையில் செலுத்தும் முறை வந்தது. எண்ணெயிலிருந்து மருந்து சிறிது சிறிதாகக் கசிந்து இரத்தத்தில் சேரும். அந்த எண்ணெய்கள் நம் வீட்டில் புழங்குபவையே: நல்லெண்ணெய், கடலை எண்ணெய், விளக்கெண்ணெய். இதைச் சுவைக்காகச் சொல்லவில்லை. நான்கு வகை டெஸ்டோஸ்டிரோன் கலந்த 250 மில்லிகிராம் ஊசியில் கடலை எண்ணெய் இருக்கிறது. நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். இதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

குறுகிய கால ஊசிகள் இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்கு ஒருமுறை போடப்படுபவை. போட்ட முதல் சில நாட்களில் இரத்தத்தில் ஹார்மோன் உச்சத்தைத் தொடும். அடுத்த ஊசிக்கு முந்தைய நாட்களில் அடிமட்டத்துக்கு இறங்கும். முறையை மாற்றக் கேட்பவர்களில் பலர் இந்த ஏற்றஇறக்கத்தால் அல்லற்படுபவர்கள். ஊசி போட்ட வாரத்தில் படபடப்பும் முகப்பருவும். கடைசி வாரத்தில் சோர்வும் எரிச்சலும் அழுகையும். வீட்டார் இதைக் குணக்கேடு என்றோ, முடிவெடுத்ததற்கான வருத்தம் என்றோ பொருள்கொள்வதுண்டு. நாட்காட்டியில் ஊசி போட்ட நாளைக் குறித்து, மனநிலை தாழும் நாட்களையும் குறித்துவந்தால், இரண்டு மூன்று சுற்றுகளிலேயே உண்மை புலப்படும். அந்தத் தாள் எங்களுக்கு மிகவும் பயன்படுகிறது.

இத்தகையோருக்கு மருந்தையே மாற்ற வேண்டியதில்லை என்பதே பல வேளைகளில் எங்கள் கருத்து. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடும் டெஸ்டோஸ்டிரோன் எனாந்தேட் ஊசியைப் பாதி அளவாக்கி, வாரம் ஒருமுறை தோலுக்கடியில் போட்டுக்கொண்டால் ஏற்றஇறக்கம் பெரிதும் குறையும். இன்சுலின் ஊசியைப் போல இதை வீட்டிலேயே போட்டுக்கொள்ளக் கற்கலாம். ஒவ்வொரு முறையும் செவிலியரிடமோ தெருமுனை மருந்தகத்திலோ விளக்கம் சொல்லி நிற்க வேண்டிய சங்கடமும் இதனால் தீர்கிறது. சிலருக்கு உடல்வலியைவிட அந்தச் சங்கடமே பெரிது.

ஊசியே வேண்டாம் என்பவர்களுக்கு ஜெல் இருக்கிறது. வழக்கமாக நாள்தோறும் 50 மில்லிகிராமில் தொடங்குவர்; தேவைக்கேற்ப 100 வரை உயர்த்துவதும் உண்டு. பூசியதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் உடலுக்குள் செல்கிறது. எஞ்சியது தோலின்மேல் தங்குகிறது. ஜெல்லின் நன்மை தீமை இரண்டும் இதிலிருந்தே பிறக்கின்றன. நாள்தோறும் சீராகச் சேர்வதால் உச்சமும் தாழ்வும் குறைவு. பக்கவிளைவு ஏற்பட்டால் நிறுத்திய சில நாட்களில் அளவு இறங்கிவிடும். ஆனால் தோலில் தங்கிய மருந்து தொடுபவர்மீதும் ஒட்டிக்கொள்ளும்.

வீட்டில் குழந்தைகளோ கருவுற்ற பெண்களோ இருந்தால் இதை மிகுந்த கவனத்துடன் கருத வேண்டும். ஜெல் பூசிய பெரியவர்களைத் தொட்டுப் பழகிய சிறு குழந்தைகளுக்குப் பருவத்துக்கு முந்திய வளர்ச்சி ஏற்பட்டதை அறிந்தபின், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009ஆம் ஆண்டு இம்மருந்துகளுக்குக் கடும் எச்சரிக்கைக் குறிப்பை இணைக்கச் செய்தது. ஜெல்லைத் தோளிலோ மேற்கையிலோ பூசி, நன்கு உலர்ந்தபின் சட்டையால் மூடுங்கள். கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். குழந்தையைத் தூக்குமுன் பூசிய இடத்தைக் கழுவுவது இன்னும் பாதுகாப்பு. ஆனால் பூசிய உடனே கழுவினால் மருந்து வீணாகிவிடும். ஆகவே குளித்து முடித்தபின் பூசுவதே ஏற்றது. ஜெல்லில் எரிசாராயம் உள்ளது. அது உலரும்வரை அடுப்பருகிலும் விளக்கருகிலும் போகக் கூடாது. பெரிய குடும்பத்தில், ஒரே அறையில், ஒரே பாயில் குழந்தைகளோடு உறங்குபவருக்கு ஜெல்லைப் பரிந்துரைக்க நாங்கள் தயங்குவோம்.

மூன்றாவது வழி நீண்ட கால ஊசி. டெஸ்டோஸ்டிரோன் அண்டெக்கனோவேட் 1000 மில்லிகிராம், 4 மில்லிலிட்டர் விளக்கெண்ணெய் கலந்த கரைசலாக வருகிறது. முதல் இரண்டு ஊசிகளுக்கிடையே 6 வாரம். அதன்பின் 10 முதல் 14 வாரங்களுக்கு ஒருமுறை. விடுதியில் தங்கிப் படிப்பவருக்கும், வெளியூரில் வேலை பார்ப்பவருக்கும், மருந்துப் பொட்டலம் பிறர் கண்ணில் படக் கூடாதென்று எண்ணுபவருக்கும் இது வசதியானது. ஆனால் இதை வீட்டில் போட்டுக்கொள்ள இயலாது. இடுப்புத் தசையில் ஆழமாக, இரண்டு நிமிடமாவது மெதுவாகச் செலுத்த வேண்டும். அரிதாக, எண்ணெய்த் துளிகள் நுரையீரலுக்குச் சென்று திடீர் இருமலையும் மூச்சுத்திணறலையும் தரும். அதனால்தான் ஊசிக்குப்பின் அரைமணி நேரம் அமர்ந்திருக்கச் சொல்கிறோம். பேருந்துக்கு நேரமாயிற்று என்று எழுந்துவிடாதீர்கள்.

மாத்திரை வடிவம் பற்றியும் கேட்கின்றனர். அண்டெக்கனோவேட் மாத்திரை கொழுப்புள்ள உணவோடு உண்டால் மட்டுமே உடலில் சேரும். அளவும் நிலையாக இராது. மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் மாத்திரை கல்லீரலைக் கெடுக்கக்கூடியது. அதை எவர் சொன்னாலும் வாங்க வேண்டாம்.

இனி, மாறும் நாளைப் பற்றி. தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் நிகழ்கின்றன. குறுகிய கால ஊசியிலிருந்து ஜெல்லுக்கு மாறுபவர், அடுத்த ஊசி போட வேண்டிய நாளில் ஊசிக்குப் பதிலாக ஜெல்லைத் தொடங்கினால் போதும். 'உடம்பு முதலில் காலியாகட்டும்' என்று ஒரு மாதம் விட்டுவைப்பதும், ஊசி இன்னும் வேலை செய்துகொண்டிருக்கையிலேயே ஜெல்லையும் பூசத் தொடங்குவதும் வேண்டாதவை. ஜெல்லிலிருந்து ஊசிக்கு வருவது எளிது: ஊசி போட்ட நாளோடு ஜெல்லை நிறுத்திவிடலாம். மிகுந்த எச்சரிக்கை வேண்டுவது நீண்ட கால ஊசியை விட்டு வெளியே வரும்போதுதான். அம்மருந்து பல வாரங்கள் உடலில் தங்கியிருக்கும். கடைசி ஊசிக்கு நான்காம் வாரத்திலேயே புது முறையைச் சேர்த்தால் அளவு இருமடங்காகக்கூடும். இதற்கு இரத்த அளவைப் பார்த்தே நாள் குறிப்போம். மிகுதியான டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி உடலில் ஈஸ்ட்ரோஜனாக மாறும் என்பதையும் நினைவிற்கொள்க. கூடுதலாகப் பூசினால் தாடி விரைவில் வளரும் என்ற எண்ணம் தவறானது.

மாறியபின் இரத்தப் பரிசோதனைக்கு எப்போது வர வேண்டும் என்பதும் முறையைப் பொறுத்தது. குறுகிய கால ஊசியானால் இரண்டு ஊசிகளுக்கு நடுவில் வருவது வழக்கம். அப்போது ஒரு டெசிலிட்டருக்கு 400 முதல் 700 நானோகிராம் வரை இருப்பதை எதிர்பார்க்கிறோம். நீண்ட கால ஊசியானால் அடுத்த ஊசிக்குச் சற்று முன். ஜெல்லானால், தொடங்கி ஒரு வாரமேனும் கழிந்தபின், பூசி இரண்டு மணி நேரமாவது ஆனபின். ஜெல் பூசிய கையில் இரத்தம் எடுத்தால் பொய்யான உயர்வு காட்டக்கூடும், எடுப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஹார்மோன் அளவோடு ஹீமட்டோகிரிட் என்னும் பரிசோதனையும் செய்கிறோம். இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கை அது காட்டும். டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணுக்களைப் பெருக்கும். அளவு மீறினால் இரத்தம் தடித்து, உறைகட்டும் அபாயம் கூடும். ஊசியைவிட ஜெல்லில் இவ்வுயர்வு குறைவு என்பதால், இந்த ஒரு காரணத்துக்காகவே முறையை மாற்றச் சொல்வதும் உண்டு. 54 விழுக்காட்டைத் தாண்டினால் மருந்தைக் குறைக்கவோ நிறுத்திவைக்கவோ வேண்டிவரும். புகைபிடிப்பவர்களுக்கு இது இன்னும் எளிதில் உயர்கிறது. இங்கே ஒரு நடைமுறைக் குழப்பம் உள்ளது. ஆய்வகச் சீட்டின் பாலினக் கட்டத்தில் என்ன எழுதப்பட்டிருக்கிறதோ அதற்குரிய அளவுகோலே முடிவோடு அச்சாகிறது. 47 விழுக்காடு என்பது பெண்களுக்கான அளவுகோலில் மிகுதியாகத் தோன்றும். ஆண்களுக்கான அளவுகோலில் இயல்பானது. சிவப்பு எழுத்தைக் கண்டு அஞ்சி மருந்தை நிறுத்திவிடாமல், சீட்டை எங்களிடம் கொண்டுவாருங்கள்.

ஜெல்லுக்கு மாறிய முதல் சில மாதங்களில், நின்றிருந்த மாதவிலக்கு சிறு கசிவாகத் திரும்புவது உண்டு. திருநம்பியருக்கு இது எத்துணை வேதனை தரும் என்பதை அறிவோம். 'எல்லாம் பின்னோக்கிப் போகிறது' என்று கலங்கி, இரவில் வந்து நின்றவர்கள் உண்டு. பெரும்பாலும் அளவைச் சரிசெய்தால் அது நின்றுவிடும். நிற்காவிடில் வேறு காரணம் உண்டா என்று பார்க்க வேண்டும். மாதவிலக்கு நின்றிருந்தாலும் டெஸ்டோஸ்டிரோன் கருத்தடை மருந்தாகாது. கருப்பை உள்ளவர் கருவுறும் வாய்ப்புள்ள உறவில் இருந்தால், கருத்தடை முறை தனியே தேவை. கருவுற்றிருக்கையில் இம்மருந்து சிசுவுக்குத் தீங்கானது. இதைப் பெற்றோர் முன்னிலையில் கேட்க எவருக்கும் கூச்சமிருக்கும். எனவே ஆலோசனையின் ஒரு பகுதியை நோயாளியிடம் தனியாகவே பேசுகிறோம். குடும்பத்தார் அதற்காக மனம் வருந்த வேண்டாம்.

செலவும் ஒரு நியாயமான காரணமே. ஜெல்லுக்கு மாதந்தோறும் ஆகும் செலவு ஊசியைவிடப் பொதுவாக அதிகம். ஆறு மாதம் பூசிவிட்டுப் பணமின்றி இடையில் நிறுத்துவதைவிட, தொடர்ந்து வாங்கக்கூடியதைத் தேர்வது நல்லது. இடைவெளி நீண்டால் சோர்வும் மாதவிலக்கும் திரும்பும். கருப்பையோடு சூலகங்களும் அகற்றப்பட்டவர்களுக்கு எலும்பும் மெலியத் தொடங்கும். கைவசம் பணம் குறைந்தால் மருந்தை நிறுத்துமுன் எங்களிடம் சொல்லுங்கள். மலிவான ஊசிக்கு நாள் குறித்து மாற்றித் தர இயலும்.

முறையை மாற்ற வரும்போது, கடைசி ஊசி போட்ட தேதி, மருந்துப் பெட்டியின் மேலுறை, முந்தைய இரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், மனநிலை குறித்த நாட்காட்டித் தாள் ஆகியவற்றை எடுத்து வாருங்கள். வேறெங்கேனும் வாங்கிய மருந்தை இடையில் பயன்படுத்தியிருந்தால் அதையும் மறைக்காமல் கூறுங்கள். ஏன் பயன்படுத்தினீர்கள் என்று யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள். புது மருந்தைத் தொடங்கும் நாளைக் கணக்கிட எங்களுக்கு அந்தத் தேதி தேவைப்படுகிறது.