இஸ்திரிப் பெட்டி செய்த குற்றம்



இஸ்திரிப் பெட்டி துணியின் சுருக்கத்தைப் போக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அதே பெட்டி துணியின் அளவையும் மாற்றிவிடும் என்றால் நம்புவீர்களா? கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் நானே அண்மைக் காலம் வரை இதை எண்ணிப் பார்த்ததில்லை.

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் நெடுஞ்சாலையில், கவரைப்பேட்டைக்கு அருகே உள்ள ஊர் புதுவாயல். அங்கே என் அக்கா தையல் தொழில் செய்கிறார். சட்டை, பாவாடை தைத்தபின் மிஞ்சும் துண்டுத் துணிகளை அவர் வீணாக்குவதில்லை. சதுரங்களாக வெட்டி இணைத்து, உள்ளே மெல்லிய பஞ்சு விரிப்பு வைத்து, மேலும் கீழுமாக ஓட்டுத் தையல் போட்டுப் போர்வை ஆக்குவார். வங்காளத்தில் காந்தா என்றும், வட கர்நாடகத்தில் கௌதி என்றும் பழைய துணிகளைக் கொண்டு தைக்கும் விரிப்புகள் உண்டு. இதுவும் அந்த இனந்தான்.

ஒரு முறை குழந்தைக்கான போர்வை ஒன்றுக்கு முன்பணம் வாங்கியிருந்தார். ஒவ்வொரு சதுரமும் 12 செ.மீ. நான்கு புறமும் தையலுக்கு 1 செ.மீ. போனால் மிஞ்சுவது 10 செ.மீ. வரிசைக்கு 8 சதுரங்கள். எனவே ஒவ்வொரு வரிசையும் 80 செ.மீ. நீளம் இருக்க வேண்டும். முதல் நான்கு வரிசைகளை நீராவி இஸ்திரிப் பெட்டியால் வீட்டிலேயே தேய்த்தார். அதற்குள் மின்சாரம் நின்றுவிட்டது. மற்ற நான்கையும் தெருமுனைத் தள்ளுவண்டியில் கொடுத்துத் தேய்த்து வாங்கினார்.

சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒன்றோடொன்று பொருந்தவில்லை! வண்டியிலிருந்து வந்த வரிசைகள் 80 செ.மீ. இருந்தன. வீட்டில் தேய்த்தவையோ 81 செ.மீ.க்கு மேல், ஒன்று 82 செ.மீ.யையே எட்டியிருந்தது. மறுநாள் போர்வையைக் கொடுத்தாக வேண்டும். அளவு நாடா பிசகியிருக்கும் என்றேன் நான். அக்கா நாடாவை மாற்றி அளந்தார், அளவு மாறவில்லை.

விடையைச் சொன்னவர் தள்ளுவண்டிக்காரர்தான். “நீங்க இழுத்துத் தேய்ச்சிட்டீங்கம்மா. ஒட்டுத் துணியை இழுக்கக் கூடாது. வச்சு, அழுத்தி, தூக்கணும்” என்றார்.

அவர் சொன்னதன் காரணத்தைக் காண்போமா?

சுருக்கம் எங்கே இருக்கிறது?

பருத்தி இழை செல்லுலோஸ் என்னும் பொருளால் ஆனது. குளுகோஸ் அலகுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்கும் நீண்ட சங்கிலி மூலக்கூறுதான் செல்லுலோஸ். அருகருகே உள்ள சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் பிடித்து வைத்திருக்கின்றன. இப்பிணைப்பு ஒவ்வொன்றும் வலிமை குறைந்ததே. ஆனால் அவை எண்ணற்றவை.

துணி துவைக்கப்படும்போது நீர் மூலக்கூறுகள் சங்கிலிகளுக்கு இடையே புகுந்து இப்பிணைப்புகளைப் பிரித்துவிடுகின்றன. சங்கிலிகள் நகர இடம் கிடைக்கிறது. துணி கசங்கிய நிலையில் உலர்ந்தால், நீர் வெளியேறியதும் அந்தக் கோணலான நிலையிலேயே புதிய பிணைப்புகள் உண்டாகின்றன. இதுதான் சுருக்கம்.

இஸ்திரி போடுவது இதே செயலை மறுபடி, ஒழுங்காகச் செய்வதே. நீரைத் தெளித்துப் பிணைப்புகளைத் தளர்த்துகிறோம். வெப்பத்தால் சங்கிலிகளின் அசைவை மிகுவிக்கிறோம். அழுத்தித் தட்டையாக்குகிறோம். நீர் ஆவியானதும் அந்தத் தட்டை நிலையில் பிணைப்புகள் பூட்டிக்கொள்கின்றன. தேய்த்த சட்டையைச் சூடாறுமுன் மடித்து வைத்தால் மறுபடி கசங்குவது ஏன் என்று இப்போது விளங்குகிறதல்லவா? பூட்டு முழுவதும் விழுமுன் நாம் அவசரப்பட்டுவிடுகிறோம்.

பாலியெஸ்டரின் கதை வேறு. அது நீரை ஏறக்குறைய ஏற்பதே இல்லை. சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் 7, 8 விழுக்காடு ஈரத்தை வைத்திருக்கும். பாலியெஸ்டரோ அரை விழுக்காடுகூட வைத்திருப்பதில்லை. அதை இளக்குவது வெப்பமே. சுமார் 70, 80 டிகிரி செல்சியஸில் அதன் சங்கிலிகள் இளகத் தொடங்கும். 250 டிகிரியைத் தாண்டினால் உருகிவிடும்.

குற்றவாளி அகப்பட்டது

நெய்த துணியில் நீளவாட்டில் பாவு நூலும் அகலவாட்டில் ஊடை நூலும் ஓடுகின்றன. உங்கள் கைக்குட்டையைப் பாவு நூலின் திசையில் இழுத்துப் பாருங்கள், அதிகம் நீளாது. மூலைக்கு மூலை இழுத்துப் பாருங்கள், எளிதில் நீளும். நூல்கள் நீளுவதில்லை, அவற்றுக்கு இடையே உள்ள சிறு சதுரங்கள் சாய்ந்து சாய்சதுரங்கள் ஆகின்றன. தையற்காரர்கள் இதைத்தான் கிராஸ் என்பார்கள்.

அக்காவின் துண்டுகளில் பல, நூல் ஓடும் திசையைப் பாராமல் வெட்டப்பட்டவை. நீராவியில் நனைந்து இளகிய அத்துண்டுகளின்மேல் சூடான பெட்டியை முன்னும் பின்னும் இழுத்திருக்கிறார். துணி நீண்டது, நீண்ட நிலையிலேயே உலர்ந்தது, பிணைப்புகள் அந்நிலையிலேயே பூட்டிக்கொண்டன. சுருக்கத்தைப் போக்கும் அதே விதி கோணலையும் நிலைப்படுத்திவிட்டது! சதுரத்துக்கு 2 மி.மீ. பிழை என்றால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 8 சதுரங்களில் அது 16 மி.மீ. ஆகிறது. ஆய்வுக்கூடத்தில் சிறு பிழைகள் சேர்ந்து பெரும் பிழை ஆவதைப் பற்றி உங்கள் ஆசிரியர் எச்சரிப்பது இதைத்தான்.

கோணலைப் பூட்டியது நீரும் வெப்பமும் என்றால், அதைத் திறக்கவும் அவை உதவ வேண்டுமல்லவா? நான்கு வரிசைகளையும் நன்கு நனைத்தோம். பலகையில் 80 செ.மீ. கோடு வரைந்து, அதற்குள் அவற்றைக் கையால் ஒதுக்கி நேராக்கினோம். பெட்டியை வைத்து, அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைத்து உலர்த்தினோம். ஓரிரு மில்லிமீட்டர் நீங்கலாக எல்லாம் பழைய அளவுக்கு வந்தன. போர்வை மறுநாள் மாலை உரியவரிடம் போய்ச் சேர்ந்தது.

எடையா, வெப்பமா?

கனமான பெட்டிதான் நன்றாகத் தேய்க்கும் என்பார்கள். கணக்கிட்டுப் பார்ப்போம். 6 கிலோ கரிப்பெட்டியின் அடிப்பரப்பு 200 சதுர செ.மீ. என்று கொள்வோம். அது தரும் அழுத்தம் சுமார் 3,000 பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் 3 விழுக்காடுதான். 1 கிலோ மின்பெட்டியின்மேல் நீங்கள் கையை ஊன்றினாலே இந்த அழுத்தம் கிடைத்துவிடும். கனத்தின் உண்மையான பயன் வேறு. கனமான உலோகம் வெப்பத்தை மிகுதியாகச் சேமித்து வைக்கும். ஈரத் துணியில் பட்டதும் சட்டென்று ஆறிவிடாது.

ஈரத்தை விரட்ட எவ்வளவு வெப்பம் தேவை? ஒரு சட்டையில் 30 கிராம் நீர் தெளித்ததாகக் கொள்வோம். அதை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு உயர்த்த ஏறத்தாழ 8,800 ஜூல். ஆவியாக்க 67,800 ஜூல். மொத்தம் 76,600 ஜூல். 1,000 வாட் பெட்டி இதைத் தரச் சுமார் 77 விநாடி ஆகும். இஸ்திரிப் பெட்டியின் உழைப்பில் பெரும்பகுதி நீரை ஆவியாக்குவதிலேயே போகிறது. ஆகவே துணியைச் சொட்டச் சொட்ட நனைக்காதீர்கள். லேசாகத் தெளித்தால் போதும்.

நல்ல பெட்டி எது?

நியூயார்க்கைச் சேர்ந்த ஹென்றி சீலி 1882ஆம் ஆண்டில் மின் இஸ்திரிப் பெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். இன்று கடையில் எத்தனையோ வகைகள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். வாங்கும்போது இவற்றைக் கவனியுங்கள்.

முதலாவது, வெப்பநிலைக் கட்டுப்பாடு. பெட்டிக்குள் இரு உலோகப் பட்டை ஒன்று இருக்கிறது. இரண்டு உலோகங்களும் வெவ்வேறு அளவில் விரிவதால் சூடேறியதும் பட்டை வளைந்து மின்சுற்றைத் துண்டிக்கும்; ஆறியதும் நிமிர்ந்து மீண்டும் இணைக்கும். சிறு விளக்கு அணைந்து அணைந்து எரிவது இதனால்தான். ஆடைகளின் சீட்டில் உள்ள பெட்டிப் படத்தில் ஒரு புள்ளி என்றால் 110 டிகிரி, இரண்டு என்றால் 150, மூன்று என்றால் 200 டிகிரி செல்சியஸ் மேல்வரம்பு. பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த போர்வைக்கு, வெப்பம் தாங்காத துணி எதுவோ அதற்கேற்ற அளவை வையுங்கள்.

இரண்டாவது, அடித்தகடு. அலுமினியம் வெப்பத்தை வேகமாகக் கடத்துவதால் தகடு முழுதும் ஒரே சீராகச் சூடாகும். தகடு வழுவழுப்பாகவும், தையல் மடிப்புக்குள் நுழையக் கூர்மையான முனையுடனும் இருக்கட்டும். ஒட்டுத் துணி வேலைக்கு நீராவி கட்டாயமில்லை; சாதாரணப் பெட்டியும் ஒரு தெளிப்பானும் போதும். நீராவிப் பெட்டியில் கடின நீரை ஊற்றினால் சுண்ணப் படிவு துளைகளை அடைக்கும்.

மூன்றாவது, பாதுகாப்பு. ஐ.எஸ்.ஐ. முத்திரையும், புவி இணைப்புக் கம்பியுள்ள மூன்று முனைச் செருகியும் இருக்க வேண்டும். 230 வோல்ட்டில் 1,000 வாட் பெட்டி 4.3 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். 6 ஆம்பியர் இணைப்பு தாங்கும். 2,000 வாட் பெட்டியோ 8.7 ஆம்பியர் எடுக்கும். அதைப் பெரிய 16 ஆம்பியர் இணைப்பில்தான் செருக வேண்டும். விலை கூடிய பெட்டியை வாங்கிச் சிறிய இணைப்பில் செருகுவது தீயை விருந்துக்கு அழைப்பதாகும்.

தள்ளுவண்டிக்காரருக்கு என்ன செய்யலாம்?

நமக்கு விடை சொன்னவர் நாள் முழுதும் கரிப் புகையருகே நிற்கிறார். அவர் ஒரு நாளில் 5 கிலோ கரி எரிப்பதாகக் கொள்வோம். ஒரு கிலோ கரி ஏறத்தாழ 3 கோடி ஜூல் வெப்பம் தரும். 5 கிலோ என்றால் சுமார் 42 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 1,000 வாட் மின்பெட்டி 6 மணி நேரம் இடைவிடாது எரிந்தாலும் செலவாவது 6 யூனிட்டே. கரியின் வெப்பத்தில் பெரும்பகுதி காற்றோடு போகிறது. கூடவே நஞ்சான கார்பன் மோனாக்சைடும் வெளிவருகிறது.

இதைக் கண்டு வருந்திய திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர், சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டி ஒன்றை வடிவமைத்தார். ஐந்து மணி நேர நல்ல வெயிலில் நிரம்பும் மின்கலம் ஆறு மணி நேரம் பெட்டியை இயக்கும். 2020ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் சிறுவர் பருவநிலைப் பரிசு அவருக்குக் கிடைத்தது. 2021ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரில் நடந்த பருவநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன் அவர் பேசினார். அவருடைய ஆய்வு தொடங்கியது உங்கள் தெருவில் நிற்பது போன்ற ஒரு வண்டியைக் கவனித்ததில்தான்.

செய்து பாருங்கள்

பழைய பருத்தித் துணியில், நூல் ஓடும் திசைக்குக் குறுக்காக, மூலைவாட்டில் 10 செ.மீ. பக்கமுள்ள இரு சதுரங்கள் வெட்டுங்கள். இரண்டையும் ஒரே அளவு ஈரமாக்குங்கள். ஒன்றைப் பெட்டியால் இழுத்துத் தேயுங்கள். மற்றொன்றை வைத்து, அழுத்தி, தூக்குங்கள். ஆறியபின் நான்கு பக்கங்களையும் இரு மூலைவிட்டங்களையும் அளந்து குறியுங்கள். பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும்.

அளவுகளைக் குறித்த தாளோடு உங்கள் தெரு இஸ்திரிக்காரரிடம் சென்று காட்டுங்கள். அவர் சிரித்துவிட்டு, இன்னும் இரண்டு நுணுக்கங்கள் சொல்லித் தருவார்.