துருப்பிடித்த குண்டும் துறுதுறுப்பான பிள்ளையும்

ஜப்பான்காரன் காலத்துக் கதையைச் சொல்லக்கூடிய தாத்தா பாட்டிகள் ஏறக்குறைய மறைந்துவிட்டார்கள். யுத்தம் முடிந்து எண்பது ஆண்டுகளும் ஓடிவிட்டன. ஆனால் அந்த யுத்தம் போட்டுவிட்டுப் போன சாமான்கள் சில இன்னும் நம் மண்ணுக்குள்தான் கிடக்கின்றன. பிள்ளை பெற்றவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

நம் பக்கத்துக்கு இவை எப்படி வந்தன? 1942 ஜனவரி முதல் வாரத்தில் கோல சிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் சண்டை நடந்தது. (பத்தாங் பெர்ஜுந்தையைத்தான் இப்போது பெஸ்தாரி ஜெயா என்கிறோம்.) ஜனவரி 11ஆம் தேதி ஜப்பானியர் கோலாலம்பூருக்குள் புகுந்தார்கள். 1945ல் காற்று திசை மாறியது. அமெரிக்காவின் பி-29 விமானங்கள் வந்து ரயில்வே இடங்களின் மேல் குண்டு வீசின. செந்தூல் ரயில்வே பட்டறை அடிபட்டது. மார்ச் 10ஆம் தேதி பிரிக்பீல்ட்ஸ் ரயில் தண்டவாளங்களுக்குக் குறிவைத்த குண்டு தவறிப்போய், சிலாங்கூர் மியூசியத்தின் மேல் விழுந்தது. அந்த இடத்தில்தான் 1963ல் திறக்கப்பட்ட தேசிய மியூசியம் நிற்கிறது. அந்நாளில் ரயில்வேயில் உழைத்தவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வீசிய குண்டெல்லாம் வெடிப்பதில்லை. மருந்தை உசுப்பிவிடுவதற்கென்று குண்டின் மூக்கிலோ வாலிலோ சிறு கருவி ஒன்று இருக்கும். தரையில் மோதும் வேகத்தில் அதிலுள்ள ஊசி குத்தி, மருந்து பற்ற வேண்டும். சேற்றிலோ சதுப்பிலோ விழுந்தாலும், ஊசி பாதியில் சிக்கிக்கொண்டாலும் குண்டு அப்படியே புதைந்து போகும். பாதியில் நின்ற வேலையை முடிக்க ஒரு மண்வெட்டி அடி போதும்.

"இத்தனை காலம் மண்ணில் கிடந்தது, இனி என்ன செய்யும்?" என்று கேட்பவர்கள் உண்டு. துருப்பிடிப்பது வெளியே இருக்கும் இரும்புதான். உள்ளே மருந்து மருந்தாகவே இருக்கிறது. ஜப்பானியர் தங்கள் குண்டுகள் பலவற்றில் பிக்ரிக் அமிலம் என்ற மருந்தை நிரப்பினார்கள். அது உலோகத்தோடு சேர்ந்து நாள்பட்டால், இலேசான உரசலுக்கே வெடிக்கக்கூடிய உப்பாக மாறும். ஆக, சில குண்டுகள் கிழமாக ஆக அதிகக் கோபக்காரர்களாகின்றன!

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாகவும் நெடுஞ்சாலைகளாகவும் மாறிவரும் காலம் இது. இயந்திரம் ஆழமாகத் தோண்டுகிறது. மழை ஆற்றங்கரையை அரிக்கிறது. 2017 டிசம்பரில் பங்சாரில் ஒரு கட்டுமானத் தளத்தில் பழைய குண்டு வெடித்துத் தொழிலாளர்கள் காயமடைந்தார்கள். கூலிக்கு வந்தவர்களுக்கு மண்ணுக்குள் என்ன இருக்கிறதென்று யார் சொன்னார்கள்?

இனிப் பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். வகுப்பில் "ஒரு குண்டு வரையுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். எல்லாரும் கறுப்பு உருண்டை ஒன்றைப் போட்டு, அதில் எரியும் திரியும் வைப்பார்கள். எல்லாம் கார்ட்டூன் படத்தின் உபயம். மண்ணிலிருந்து வருவது அப்படியா இருக்கிறது? பீரங்கிக் குண்டு துருவேறிய இரும்புக் குழாய்த் துண்டுபோல இருக்கும். சிறிய மோர்ட்டார் குண்டு, வால் முளைத்த பப்பாளிக்காய்போல இருக்கும். கைக்குண்டு, கைக்கு அடக்கமான குட்டி அன்னாசி. விமானக் குண்டோ நீட்டிவிட்ட கேஸ் தோம்பு. எல்லாவற்றின் மேலும் சேறு, துரு. ஆகவே வகுப்பில் பளபளப்பான படத்தைக் காட்டிப் பயனில்லை. நான் கரும்பலகையில் காவி நிறச் சாக்கட்டியால்தான் வரைகிறேன்.

இதிலே இன்னொரு சங்கடம். பழைய இரும்புக்கு விலை உண்டு என்பது நம் பையன்களுக்குத் தெரியும். பழைய சாமான் லோரி வரும் நாளில் வாய்க்கால் ஓரமெல்லாம் தேடுவார்கள். கனமான இரும்பு கிடைத்தால் பத்து வயதுப் பையனுக்கு அது புதையல். அதைக் கல்லில் தட்டித் துருவை உதிர்த்துப் பார்க்கத்தான் கை துடிக்கும்.

இந்தத் தவறான பழக்கத்தை நாமே தீபாவளிக்குத் தீபாவளி சொல்லிக் கொடுக்கிறோம் என்பேன். வெடிக்காத பட்டாசைப் பையன் என்ன செய்கிறான்? கிட்டே போகிறான், குனிந்து பார்க்கிறான், காலால் உருட்டுகிறான், கடைசியில் கையில் எடுத்து ஊதுகிறான். அப்பா பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருப்பார். வெடிக்காத பொருளைத் தேடிப் போய் எடுக்கலாம் என்ற பாடம் அங்கே பதிந்துவிடுகிறது. ஆகவே என் வகுப்பில் குண்டுப் பாடத்தைப் பட்டாசிலிருந்துதான் தொடங்குகிறேன். "தொடாதே, தள்ளிப் போ, சொல்லிவிடு" என்று பிள்ளைகள் ஒன்றாகச் சொல்வார்கள்.

இலங்கையின் வட பகுதியில் நம் இனத்துப் பிள்ளைகளுக்கு இது அன்றாடப் பாடமாக இருந்தது. 2009 மே மாதம் போர் முடிந்த பிறகும் வயல்களிலும் வீட்டு வளவுகளிலும் மிதிவெடிகள் கிடந்தன. ஜொனி என்று பேர்பெற்ற மிதிவெடி சாதாரண மரப்பெட்டிக்குள் வைத்துச் செய்யப்பட்டது. விறகு பொறுக்கப் போகும் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? அங்கே பள்ளிகளிலும் தெரு நாடகங்களிலும் சொல்லிக் கொடுத்தார்கள். மண்டை ஓடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் நில் என்றார்கள். மிதிவெடி அகற்றும் வேலையில் பெண்களும் நிறையப் பேர் இறங்கினார்கள். நம் தோட்டங்களில் அப்படிக் கண்ணி வைத்த நிலம் இல்லை. மலேசியா தன்னிடம் சேமிப்பில் இருந்த மிதிவெடிகளையும் 2001 ஜனவரியில் அழித்துவிட்டது. நமக்கு இருப்பது விழுந்து கிடக்கும் குண்டு. ஆனாலும் வந்த வழியே அடி மாறாமல் திரும்பிப் போவது என்ற அவர்கள் பாடம் நமக்கும் உதவும்.

பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். குண்டு கிடக்கும் இடம் பெரும்பாலும் நீங்கள் போகாதே என்று சொன்ன இடமாகத்தான் இருக்கும்: ஆற்றங்கரை, மண் தோண்டும் இடம், பாழடைந்த பழைய லயம். உண்மையைச் சொன்னால் பிரம்படி விழும் என்று பிள்ளை வாயை மூடிக்கொள்வான். மறுநாள் கூட்டாளியை அழைத்துக்கொண்டு அதே இடத்துக்குப் போவான். அப்படி ஒருநாள் வந்து சொன்னால், பிரம்பை எடுக்காதீர்கள். எங்கே, எவ்வளவு பெரிது, யார் யார் பார்த்தார்கள் என்று கேளுங்கள். நீங்களும் போய் எட்டிப் பார்க்க வேண்டாம். 999க்கு அடித்துப் போலீசில் சொல்லுங்கள். குண்டு அழிக்கும் பிரிவு வரும். அவர்கள் வரும்வரை மற்றப் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அடையாளம் வேண்டுமென்றால் எட்டத்தில் ஒரு மரத்தில் துணியைக் கட்டுங்கள். குண்டின் பக்கத்தில் குச்சி நடாதீர்கள்.