மை அல்ல, தூள்!

ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் நம் வீடுகளில் ஒரு பெட்டி கட்டாயம் இருக்கும். அதில் நகை இருக்கிறதோ இல்லையோ, காகிதம் இருக்கும். பள்ளிச் சான்றிதழ், மாற்றல் உத்தரவு, ரேஷன் கார்டு, கல்யாணப் பதிவு என்று ஒவ்வொன்றுக்கும் நாலு நாலு 'ஜெராக்ஸ்'. டில்லிக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி உண்டு.

சென்ற ஆண்டு, அம்மாவின் குடும்ப ஓய்வூதியம் சம்பந்தமாக அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டி வந்தது. அப்பாவின் ஓய்வூதிய ஆணையின் அசல், வீடு மாறியபோது எங்கோ தொலைந்து போயிருந்தது. நகல் மட்டும் வழவழப்பான ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருபது வருடமாகப் பத்திரமாக இருந்தது. பத்திரம் என்றுதான் நினைத்திருந்தோம். காகிதத்தை வெளியே இழுத்தேன். சர்ரென்று ஒரு சத்தம். காகிதம் வந்தது, எழுத்து வரவில்லை.

அம்மா உறையை வாங்கிப் பின்பக்கமாகத் திருப்பிப் பார்த்தாள். "ஏண்டா, எழுத்தெல்லாம் கவர்லயே தங்கிடுச்சே! அதுவும் கண்ணாடியில பார்க்கற மாதிரி திரும்பியிருக்கே!" என்றாள்.

ஆணை எண் இல்லாமல் அலுவலகத்தில் எதுவும் நகராது. பாதி எண் காகிதத்தில், பாதி எண் உறையில். இரண்டையும் எடுத்துக்கொண்டு முனிர்க்காவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நம் ஊர்க்காரர் ஒருவரிடம் போனேன். அவர் பார்த்ததும் சிரித்தார். "சார், இது ஜெராக்ஸ் தப்பு இல்ல, கவர் தப்பு. மை உள்ள போகும். இது தூள் சார், மேலதான் உக்காந்திருக்கும்" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. வாழ்நாள் முழுவதும் கையில் பிடித்த நகல்களில் எழுதியிருப்பது மையே அல்ல என்றால், அது என்ன? விசாரித்துத் தெரிந்துகொண்டதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அடுக்களையில் பிறந்த எழுத்து

இந்தக் கதை 1930களின் நியூயார்க் நகரில் தொடங்குகிறது. செஸ்டர் கார்ல்சன் என்ற இளைஞர் ஒரு நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் வேலை பார்த்து வந்தார். ஏழை முடி திருத்துபவரின் மகன். தந்தை நோயாளி, பதினேழு வயதில் தாயையும் இழந்தவர். இயற்பியல் படித்துவிட்டு 82 நிறுவனங்களுக்கு விண்ணப்பம் போட்டு, பெரும் மந்தக் காலத்தில் வேலைக்கு அலைந்தவர். அலுவலகத்தில் காப்புரிமைப் பத்திரங்களுக்கு நகல் எப்போதும் போதவில்லை. ஒன்று, திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டும். அல்லது காசு கொடுத்துப் புகைப்படம் எடுக்க வேண்டும். மூட்டுவாதமும் கிட்டப்பார்வையும் உள்ள மனிதருக்கு அது தினசரித் தண்டனை.

'ட்ரூ காப்பி' என்று தலைப்பிட்டுத் தட்டச்சு செய்து, கெசட்டட் அதிகாரியின் கையெழுத்துக்காக வாசலில் காத்துக் கிடந்த நம் பெரியவர்களுக்கு அவர் கஷ்டம் புரியும்.

கார்ல்சன் மாலை வேளைகளில் பொது நூலகத்தில் படித்தார். வீட்டு அடுப்பில் கந்தகத்தை உருக்கிப் பரிசோதனை செய்தார். பிறகு, ஆஸ்திரியாவிலிருந்து அகதியாக வந்த ஓட்டோ கோர்னேய் என்ற இயற்பியலாளரை உதவிக்குச் சேர்த்துக்கொண்டார். குவீன்ஸ் பகுதியில் அஸ்டோரியா என்ற இடத்தில் சிறு அறை ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள்.

1938 அக்டோபர் 22. கந்தகம் பூசிய துத்தநாகத் தட்டைக் கைக்குட்டையால் இருட்டில் அழுத்தித் தேய்த்தார்கள். உலர்ந்த தலைமுடியில் சீப்பைத் தேய்த்தால் காகிதத் துணுக்கு ஒட்டுமே, அதே நிலைமின்சாரம்தான். தேதியும் ஊர்ப் பெயரும் எழுதிய கண்ணாடித் துண்டை அதன்மேல் வைத்துச் சில வினாடிகள் பிரகாசமான விளக்கைக் காட்டினார்கள். வெளிச்சம் பட்ட இடத்தில் மின்னூட்டம் வடிந்துவிட்டது. எழுத்தின் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் தங்கியது. பிறகு, லைகோபோடியம் என்ற செடியின் வித்துத்தூளைத் தூவி மெல்ல ஊதினார்கள். தூள் எழுத்தில் மட்டும் நின்றது. மெழுகுத்தாளை அதன்மேல் அழுத்தி எடுத்தார்கள். '10-22-38 அஸ்டோரியா' என்ற எழுத்து தாளுக்கு வந்தது. உலகின் முதல் ஜெராக்ஸ் அதுதான்.

முதல் டோனரும் அந்த வித்துத்தூள்தான் என்பதைக் கவனியுங்கள். மை இல்லை, ரசாயனக் குளியல் இல்லை, ஈரமே இல்லை.

ஊதிப் போகாத தூள் எங்கே?

கார்ல்சனுக்கு 1942-இல் காப்புரிமை கிடைத்தது. வாங்கத்தான் ஆள் இல்லை. பெரிய பெரிய நிறுவனங்கள் இருபதுக்கும் மேற்பட்டவை கையை விரித்தன. 1944-இல் ஒஹாயோவைச் சேர்ந்த பேட்டெல் ஆய்வு நிறுவனம்தான் முன்வந்தது. பிறகு ராச்செஸ்டரில் புகைப்படத்தாள் செய்துவந்த ஹேலாய்ட் என்ற சிறு நிறுவனம் சேர்ந்துகொண்டது. உலர்ந்த எழுத்து என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு 'ஜெராகிராஃபி' என்று பெயர் வைத்தார்கள்.

கந்தகத்துக்குப் பதில் செலினியம் வந்தது. தட்டின் குறை தீர்ந்தது. தூளின் குறை தீர வேண்டுமே? வெறும் தூளைத் தூவினால் எழுத்தில் ஒட்டியது போக, வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்திலும் அப்பிக்கொண்டு தாளே அழுக்காகும். ஒட்டிய தூளும் விரல் பட்டால் போய்விடும்.

பேட்டெல்லில் எட்வர்ட் வைஸ், லூயிஸ் வாக்கப் ஆகியோர் இதற்கு வழி கண்டார்கள். தூளைத் தனியாக விடாமல், அதைவிடப் பன்மடங்கு பெரிய மணிகளோடு கலந்தார்கள். கலக்கும்போது இரண்டும் உரசிக்கொள்ளும். தூளுக்கு ஒருவகை மின்னூட்டம், மணிக்கு எதிர்வகை மின்னூட்டம் ஏறும். தூள் மணியைக் கட்டிக்கொண்டு தட்டின்மேல் உருண்டு போகும். எழுத்து உள்ள இடத்தில் மணியின் இழுப்பைவிடத் தட்டின் இழுப்பு அதிகம். அங்கே தூள் இறங்கிக்கொள்ளும். வெற்றிடத்தில் மணியை விடாது. இதற்கான காப்புரிமைகள் 1952, 1953 ஆம் ஆண்டுகளில் பதிவாயின.

தாளுக்கு வந்த எழுத்து நிலைத்து நிற்க, தூளையே பிளாஸ்டிக் பிசினால் செய்தார்கள். நிறத்துக்குக் கரி. சூடு காட்டினால் பிசின் உருகித் தாளின் நாரைக் கவ்விக்கொண்டு உறைந்துவிடும். அதாவது, நம் கையிலுள்ள ஜெராக்ஸில் எழுத்து என்பது தாளின்மேல் உருகி உறைந்த கறுப்புப் பிளாஸ்டிக். கடைக்காரர் சொன்னது அட்சர சுத்தம்!

1959-இல் வந்த '914' என்ற இயந்திரம் இதையெல்லாம் ஒரே பொத்தானுக்குள் அடக்கியது. எடை ஏறத்தாழ 300 கிலோ. தூளை உருக்கும் சூட்டில் சிக்கிய தாள் கருகிவிடும் என்பதால், கூடவே ஒரு தீயணைப்புக் குப்பியும் கொடுத்தார்கள். ஆனாலும் உலகம் அதை அள்ளிக்கொண்டது. ஹேலாய்ட் நிறுவனம் 1961-இல் ஜெராக்ஸ் என்றே பெயரை மாற்றிக்கொண்டது. நம் மொழியில் அந்தப் பெயர் நகலுக்கே பெயராகிவிட்டது. 1984-இல் வீட்டு மேசைக்கு வந்த லேசர் பிரிண்டரும் இதே தூளைத்தான் நம்பியிருக்கிறது. அங்கே வெளிச்சத்தை லேசர் கதிர் காட்டுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கோர்னேய் கூட்டை விட்டுச் சீக்கிரமே விலகி வேறு வேலைக்குப் போய்விட்டவர். செல்வம் வந்த பிறகு கார்ல்சன் அவரை மறக்கவில்லை; நூறு ஜெராக்ஸ் பங்குகளை அன்பளிப்பாக அனுப்பினார். தமக்கு வந்த செல்வத்திலும் பெரும்பகுதியைத் தானம் செய்துவிட்டு, 1968-இல் காலமானார்.

உடைத்த மிட்டாயும் பிடித்த லட்டும்

டோனரைப் போல முரண்பட்ட கட்டளைகளைச் சுமக்கும் தூள் வேறு இருக்காது. டப்பாவில் மாவு போலத் தண்ணென்று ஓட வேண்டும், கட்டி தட்டக்கூடாது. இயந்திரத்துக்குள் கண நேரத்தில் உருகவும் வேண்டும். சீக்கிரம் உருகினால் மின்சாரம் மிச்சம்; ரொம்பச் சீக்கிரம் உருகினால் கோடை வெயிலில் டப்பாவிலேயே கட்டியாகிவிடும். பொதுவாக டோனர்ப் பிசின் 55, 60 டிகிரியில் இளக ஆரம்பிக்கும். மே மாத டில்லியில் வெயிலில் நிறுத்திய காருக்குள் டோனர் டப்பாவை விட்டு வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பழைய தயாரிப்பு முறை கடலை மிட்டாய் போல. பிசின், கரி, மெழுகு, மின்னூட்டத்தைச் சீராக்கும் ரசாயனம் எல்லாவற்றையும் சூட்டில் ஒன்றாகப் பிசைந்து பாளமாக இறக்குவார்கள். ஆறியதும் உடைத்து, வேகமான காற்றுத் தாரையில் ஒன்றோடொன்று மோதவிட்டுப் பொடியாக்குவார்கள். பிறகு சலித்து, ரொம்பப் பெரியதையும் ரொம்பச் சிறியதையும் ஒதுக்குவார்கள். கடைசியில் நுண்ணிய சிலிக்காத் தூளைப் புரட்டுவார்கள். சப்பாத்தி உருண்டை ஒட்டாமலிருக்க மாவில் புரட்டுவது போலத்தான். உடைத்த தூள் அல்லவா, ஒவ்வொரு துகளும் ஒரு கோணலாக இருக்கும். ஒன்று நன்றாக மின்னூட்டம் ஏற்கும், அடுத்தது ஏற்காது. இன்னும் சிறிதாக உடைக்கவோ மின்சாரச் செலவு ஏறிக்கொண்டே போகும்.

உடைப்பானேன், பிடித்தால் என்ன என்று யோசித்தார்கள் ரசாயன விஞ்ஞானிகள். ஜப்பானிய நிறுவனங்களும், கனடாவில் மிசிசாகா நகரிலுள்ள ஜெராக்ஸ் ஆய்வு மையமும் 1990களில் இதில் முனைந்தன. கனடா மையத்தின் முறை பூந்தி லட்டு போல. பிசினை நீரில் பால் போலக் கலங்க வைப்பார்கள்; அதிலுள்ள துளிகள் ஒரு மைக்ரானில் சிறு பங்கே இருக்கும். நிறத்தூளும் மெழுகும் அதேபோல நீரில் கலந்து சேரும். பாலைத் திரிய வைப்பது போல ஒரு ரசாயனத்தை விட்டதும் எல்லாத் துளிகளும் கொத்துக் கொத்தாகச் சேரத் தொடங்கும். ஐந்தாறு மைக்ரான் வந்ததும் வளர்ச்சியை நிறுத்திவிட்டுச் சூடேற்றினால், கொத்து ஒட்டிக்கொண்டு உருண்டையாகும். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத லட்டு! எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. அதனால் எழுத்து கூர்மையாக விழுகிறது. ஒரு பக்கத்துக்குச் செலவாகும் தூளும் குறைகிறது.

கறுத்ததெல்லாம் டோனர் அல்ல

வெளுத்ததெல்லாம் பாலல்ல என்போம். கறுத்ததெல்லாம் டோனரும் அல்ல. சில இயந்திரங்களுக்குத் தூளிலேயே இரும்பு ஆக்சைடு கலந்திருக்கும், காந்தம் இழுக்கும். சிலவற்றில் தூளும் மணியும் தனித்தனி. ஒன்றுக்கு நேர்மின், இன்னொன்றுக்கு எதிர்மின். உருகும் சூடும் மாறும். மலிவென்று எதையோ வாங்கி நிரப்பினால் தாள் மங்கலாகும், அல்லது எழுத்து உரசினால் உதிரும். சான்றிதழ் நகல் என்றால் விரலால் ஒருமுறை அழுத்தித் தேய்த்துப் பார்த்து வாங்குங்கள். உதிர்ந்தால் சூடு போதவில்லை, அல்லது தூள் பொருந்தவில்லை.

இந்தத் தூளோடு நாள் முழுவதும் புழங்கும் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 1980-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், டோனருக்குப் பயன்பட்ட கரியில் நைட்ரோபைரீன் என்ற அசுத்தம் இருப்பதையும், பாக்டீரியாச் சோதனையில் அது மரபணுக்களை மாற்றுவதையும் கண்டு எழுதினார்கள். அதன் பிறகு கரி தயாரிக்கும் முறையையே திருத்தினார்கள். கேள்வி கேட்ட பிறகுதான் பொருள் சுத்தமாகியது என்பது நினைவில் இருக்கட்டும். எந்த நுண்தூளும் நுரையீரலுக்கு நல்லதல்ல. கார்ட்ரிட்ஜ் நிரப்புகிறவர்கள் முகக்கவசம் போட்டுக்கொண்டு காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். தரையில் கொட்டினால் ஈரத்துணியால் துடையுங்கள். வீட்டு வாக்குவம் கிளீனர் கூடாது. அதன் பையைத் தாண்டி வெளியே வந்துவிடும், தீப்பொறி பட்டால் ஆபத்தும் உண்டு. சட்டையில் பட்டால் உதறிவிட்டுக் குளிர்ந்த நீரில் அலசுங்கள். வெந்நீர் விட்டால் பிசின் இளகித் துணியோடு ஒட்டிவிடும்.

மீண்டும் அந்த உறைக்கு

எங்கள் உறையில் நடந்தது இதுதான். மிருதுவான பி.வி.சி. உறை வளைந்து கொடுப்பதற்காக அதில் எண்ணெய் போன்ற ஒரு ரசாயனம் சேர்ப்பார்கள். அது வருடக் கணக்கில் மெல்லக் கசிந்து டோனர்ப் பிசினை இளக்கிவிடுகிறது. தாளின்மேல் உட்கார்ந்திருந்த எழுத்து உறையோடு ஒட்டிக்கொள்கிறது. ஆகவே, நகல்களை அத்தகைய உறையில் நேரடியாகப் போடாதீர்கள். பாலிப்ரொபிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை நல்லது. கிடைக்காவிட்டால் இரண்டு பக்கமும் ஒரு வெள்ளைத்தாள் வையுங்கள். காகித உறையே போதும். பெட்டியை வருடத்துக்கு ஒருமுறை திறந்தும் பாருங்கள்.

ஆணை எண் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கடைக்காரர் காலி உறைக்குள் ஒரு வெள்ளைத்தாளைச் செருகி, முன்பக்கம் கீழே இருக்கும்படி அப்படியே இயந்திரத்தின் கண்ணாடியில் வைத்தார். பின்பக்கத்திலிருந்து பார்த்தால்தானே திருப்பம்? முன்பக்கத்திலிருந்து பார்த்தால் நேர்! விடுபட்ட இலக்கங்களைக் காகிதத்தில் தங்கியிருந்த மிச்சத்தோடு ஒப்பிட்டுச் சேர்த்தோம். எண் முழுசாகக் கிடைத்தது. அலுவலகத்தில் கோப்பும் கிடைத்தது.

காசு கொடுக்கப் போனேன். "ஒரு காப்பிக்கு ரெண்டு ரூபா சார், அதுக்கு மேல வேணாம்" என்றார். அம்மா மறுநாள் தானே செய்த ரவா லட்டை ஒரு டப்பா நிறையக் கொடுத்தனுப்பினாள்.