சைக்கிள் ரயரைக் கவனியுங்கள்

சைக்கிள் ரயர் தேய்ந்துதான் பழுதாகும் என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். ஆனால் தேய முன்னரே பக்கம் வெடித்துக் கழிக்கப்படும் ரயர்களும் பல. முக்கிய காரணம் காற்றுக் குறைவு. 1990இன் பின் எரிபொருள் தடைப்பட்டிருந்த ஆண்டுகளில் வடக்கில் நெல்லையும் விறகையும், நோயாளரையுங்கூட, சைக்கிளிலேயே கொண்டு சென்றோம். இன்றும் மரக்கறியைச் சந்தைக்குக் கொண்டுபோகப் பலருக்கு அதுவே வண்டி. பாதி வழியில் ரயர் வெடித்தால் அன்றைய வருமானம் போய்விடும்.

காற்றுக் குறைந்த ரயரில் மூடை ஏற்றினால் அதன் பக்கம் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிர்கிறது. உள்ளிருக்கும் நூல்கள் அறுந்து, பின் வெடிப்பும் புடைப்பும் தோன்றும். குழியில் விழும்போது றிம்மின் இரு விளிம்புகளும் ரியூப்பை நசுக்கும். ரியூப்பில் அருகருகே இரண்டு கீறல்கள் இருந்தால் முள்ளைத் தேட வேண்டாம்; பெரும்பாலும் காற்றுப் போதாமையே காரணம். எவ்வளவு காற்று அடிக்கலாம் என்பது ரயரின் பக்கத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அளவு பார்க்க வசதியில்லையெனில், சுமையோடு ஒருவரை ஏற்றிவிட்டுப் பின் சில்லைப் பாருங்கள். சப்பையாகப் படிந்தால் இன்னும் அடிக்க வேண்டும்.

காற்று அடிக்கடி இறங்கினால் வால்கட்டையில் சிறிது எச்சில் தடவுங்கள். குமிழி வந்தால் உள்ளேயுள்ள சிறு றப்பர்க் குழாயை மாற்றினாற் போதும்.

வாரம் ஒருமுறை சைக்கிளைக் கவிழ்த்து, சில்லை மெல்லச் சுழற்றி, நெருஞ்சி முள், கண்ணாடித் துண்டு முதலியவற்றைப் பிடுங்குங்கள். ஒட்டுப் போடும்போது ரயரின் உட்புறத்தைத் துணியால் தடவுங்கள். துணி சிக்குமிடத்தில் முள் இருக்கும். வெறும் விரலால் தடவ வேண்டாம். பிறேக் கட்டை ரயரில் உரசுகிறதா என்றும் பாருங்கள். நூல் வெளியே தெரிந்தால் அந்தச் சைக்கிளில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். சிறு வெட்டென்றால் பழைய ரயர்த் துண்டொன்றை, கம்பி விளிம்பை நீக்கி, உள்ளே வைத்து ஓடலாம். அது வீடு வந்து சேர மட்டுமே, மூடை ஏற்றுவதற்கல்ல.

பாரத்தின் பெரும்பங்கைச் சுமப்பதால் பின் ரயரே முதலில் தேயும். புதியது வாங்கினால் பலர் அதைப் பின்னுக்கே போடுவர். எமக்கு இதில் உடன்பாடில்லை. முன் ரயர் வெடித்தால் கைபிடி நிலைதவறி ஆளையே விழுத்திவிடும். எனவே முன்னிருந்த நல்ல ரயரைப் பின்னுக்கு மாற்றி, புதியதை முன்னுக்குப் போடுங்கள்.

வெயிலும் எண்ணெயும் றப்பருக்கு ஆகா. நிழலில் நிறுத்துங்கள், சங்கிலிக்கு விடும் எண்ணெய் ரயரில் பட்டால் துடைத்துவிடுங்கள்.

கழித்த ரயரை வளவில் எறியாதீர்கள். மழைநீர் தேங்கினால் டெங்கு நுளம்பு முட்டையிடும். பழைய ரியூப்பைப் பட்டியாக வெட்டினால் கரியரில் மூடை கட்ட உதவும்.